ஃபெய்ன்மனின் இரண்டு தண்ணீர்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி ஒன்று மேகத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் என்ன? பள்ளியில் படித்த ஸ்டோக்ஸ் விதி ஞாபகம் இருந்தால் உடனே போட்டுவிடலாம். ஆரம், நீரின் அடர்த்தி, காற்றின் பாகுநிலை, புவியீர்ப்பு எல்லாவற்றையும் சூத்திரத்தில் இட்டால் முற்றுத்திசைவேகம் நொடிக்கு சுமார் 120 மீட்டர் என்று வருகிறது. மணிக்கு 430 கிலோமீட்டருக்கு மேல். இந்த வேகத்தில் மழை பெய்தால் குடை பிடித்துப் பிரயோஜனமில்லை, கூரை இருந்தால்தான் தப்பிக்கலாம். உண்மையில் அந்தத் துளி நொடிக்கு ஆறு, ஏழு மீட்டர் வேகத்தில்தான் விழுகிறது.

சூத்திரத்தில் பிழை இல்லை. அதே சூத்திரத்தை, ஒரு உயரமான ஜாடியில் விளக்கெண்ணெய் ஊற்றி, 2 மி.மீ. எஃகு குண்டு ஒன்றை அதில் போட்டுச் சோதித்துப் பாருங்க. நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் என்று கணக்கு சொல்லும். குண்டும் கிட்டத்தட்ட அப்படியே நிதானமாக இறங்கும். ஆய்வகத்தில் இதைத்தான் செய்ய வைக்கிறார்கள். ஆனால் அதே குண்டைத் தண்ணீரில் போட்டால் சூத்திரம் நொடிக்கு 15 மீட்டர் என்கிறது, குண்டு முக்கால் மீட்டரைக்கூட எட்டுவதில்லை. எண்ணெயில் சரியாக இருந்த விதி தண்ணீரில் இருபது மடங்குக்கு மேல் பொய் சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு மாணவருக்கு வரவேண்டிய கேள்வி: "எந்த விதி எங்கே செல்லும் என்று எனக்கு எப்படித் தெரியும்?" நம் பாடப்புத்தகங்களில் பாய்மங்கள் பற்றிய பகுதி இந்தக் கேள்வியை எழுப்பாமலே முடிந்துவிடுகிறது. பாஸ்கல் விதி, ஆர்க்கிமிடீஸ் தத்துவம், ஸ்டோக்ஸ் விதி, புவாஸே சமன்பாடு, பெர்னூலி தேற்றம் எல்லாம் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் மாதிரி வரிசையாக இருக்கும். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. பெர்னூலி தேற்றத்தை வருவிக்கும்போது "பாகுநிலையற்ற பாய்மம்" என்று ஒரு நிபந்தனை போடுவார்கள். நாலு பக்கம் முன்னால்தான் எல்லாப் பாய்மத்துக்கும் பாகுநிலை உண்டு என்று சொல்லியிருப்பார்கள். அப்ப பெர்னூலி யாருக்கு? பதில் கிடைக்காது.

இந்தக் கேள்வியை நேராகப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்ட பக்கங்கள் என்று எனக்குத் தோன்றுபவை ரிச்சர்ட் ஃபெய்ன்மனின் இயற்பியல் விரிவுரைகளில் இருக்கின்றன. 1961-63 காலத்தில் கால்டெக்கின் முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கு அவர் நடத்திய பாடங்கள் மூன்று தொகுதிகளாக வந்தன. கால்டெக் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இரண்டாம் தொகுதி பெரும்பாலும் மின்காந்தவியல். அதன் கடைசியில், 40, 41 ஆகிய இரண்டு அத்தியாயங்கள் பாய்மங்களுக்கானவை. 40-க்குத் தலைப்பு 'உலர்ந்த தண்ணீரின் ஓட்டம்'. 41-க்கு 'ஈரத் தண்ணீரின் ஓட்டம்'. தமிழில் சொன்னாலும் சிரிப்பு வருகிறது இல்லையா? பாகுநிலையை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் ஆராய்வது உண்மைத் தண்ணீரை இல்லை, 'உலர்ந்த' தண்ணீரைத்தான் என்பது கணிதவியலாளர் ஜான் ஃபான் நாய்மனின் கிண்டல் என்று சொல்லி, அதையே தலைப்பாக்கிக்கொண்டார் ஃபெய்ன்மன்.

இந்த இரண்டு அத்தியாயங்கள் ஏன் வேலை செய்கின்றன, எங்கே காலை வாரிவிடுகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதல் தண்ணீர்

40-ஆம் அத்தியாயம் நிற்கும் நீரில் தொடங்கி ஓடும் நீருக்கு வருகிறது. நியூட்டனின் இரண்டாம் விதியைத்தான் நீருக்கு எழுதுகிறார். ஒரு சின்னத் துண்டு நீரை எடுத்துக்கொண்டால் அதன் மேல் அழுத்த வேறுபாடும் புவியீர்ப்பும் வேலை செய்கின்றன. பாகுநிலை விசையை "அது அடுத்த அத்தியாயத்தில்" என்று ஒதுக்கிவிடுகிறார். அதிலிருந்து பெர்னூலி தேற்றம் வருகிறது.

பெர்னூலியைப் பற்றி நம்ம ஊரில் பரவியிருக்கிற வாசகம்: "வேகம் கூடினால் அழுத்தம் குறையும்". இதைக் கேட்கிறவர், வேகம்தான் காரணம், அழுத்தம் விளைவு என்று எடுத்துக்கொள்வார். சமன்பாட்டை நியூட்டன் விதியிலிருந்து வருவித்துப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கும். குறுகும் குழாயில் நீர் ஏன் வேகமெடுக்கிறது? பின்னால் அழுத்தம் அதிகம், முன்னால் குறைவு. அந்த வேறுபாடு தள்ளுகிறது. தள்ளாமல் எதுவும் முடுக்கம் பெறாது. வேகமும் அழுத்தமும் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருக்கின்றன. இப்படிப் புரிந்துகொண்டவர், வேகமாக ஓடும் காற்றில் எல்லாம் அழுத்தம் குறைவு என்று கண்மூடிச் சொல்லமாட்டார். வாயிலிருந்து ஊதும் காற்று வேகமாகத்தான் வருகிறது, ஆனால் திறந்தவெளிக்கு வந்துவிட்ட நேர்த்தாரையின் அழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தோடு ஏறக்குறைய சமம்தான்.

இந்த அத்தியாயத்தில் எனக்குப் பிடித்த இடம் தொட்டியில் ஓட்டை போடும் பகுதி. தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு துளை. நீர் வெளியேறும் வேகம், அந்த நீர் மேல்மட்டத்திலிருந்து துளை வரை விழுந்திருந்தால் பெற்றிருக்கும் வேகமேதான். சரி, துளையின் பரப்பை இந்த வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு எவ்வளவு நீர் என்று வந்துவிடுமே? வராது. பக்கங்களிலிருந்து உள்நோக்கி வரும் நீர் சட்டென்று திரும்ப முடியாததால் தாரை வெளியே வந்ததும் ஒடுங்குகிறது. சாதாரண வட்டத் துளையில் தாரையின் பரப்பு துளையில் சுமார் 62 சதவீதம். துளையில் ஒரு குட்டைக் குழாயைப் பொருத்தி அதைத் தொட்டிக்கு உள்பக்கமாக நீட்டிவிட்டால் சரியாகப் பாதி. அந்தப் பாதியை உந்தத்தையும் ஆற்றலையும் வைத்து நாலு வரியில் கணக்கிட்டுவிடலாம். பாகுநிலை என்ற பேச்சே வேண்டாம்.

இது முக்கியம். ஏன்னா 'உலர்ந்த தண்ணீர்' என்ற கேலிப் பெயர் ஒட்டிக்கொண்டபின், அந்தக் கோட்பாடே வெட்டி வேலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு மறுப்பு இதே அத்தியாயத்திலேயே இருக்கிறது. துளை வழியாகப் பாயும் நீரில் உலர்ந்த தண்ணீர் ஜெயிக்கிறது.

இரண்டாம் தண்ணீர்

41-ஆம் அத்தியாயம் வீட்டு ஃபேனிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்க வைக்கும் ஒரு கேள்வியை ஆரம்பத்திலேயே போடுகிறது. அவ்வளவு வேகமாகச் சுற்றும் விசிறி இறக்கையில் தூசி எப்படித் தங்குகிறது? நம் வீடுகளில் பொங்கலுக்கு முன் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் துடைத்த எல்லாருக்கும் தெரிந்த தூசி. காற்று அந்த இறக்கையைச் சீறிக்கொண்டு கடக்கிறது. ஆனால் இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. பரப்பின் மேல் சார்பு வேகம் சுழியம். நுண்ணிய தூசி அந்த அசையாத காற்றுக்குள் பதுங்கிக்கொள்கிறது.

உலர்ந்த தண்ணீர் சுவரில் வழுக்கிக்கொண்டு போகும். ஈரத் தண்ணீர் சுவரில் ஒட்டும். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதுதான். பாகுநிலை எவ்வளவு சிறியது என்பது அடுத்த கேள்வி. ஒட்டுவது என்பது பாகுநிலை சிறிதாக இருந்தாலும் நடக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய தலைவலி உண்டு. 1752-இல் டாலம்பேர் பாகுநிலையற்ற பாய்மத்தில் சீராக நகரும் பொருளுக்கு எதிர்ப்பு விசையே இருக்காது என்று கணக்கில் காட்டினார். அவருக்கே அது பொறுக்கவில்லை. ஆற்றில் துடுப்புப் போடுகிற யாரைக் கேட்டாலும் எதிர்ப்பு உண்டு என்பார்கள். நீருக்கும் காற்றுக்கும் பாகுநிலை மிகச் சிறியது, அதனால் அதை விட்டுவிட்டால் சின்னப் பிழைதானே வரவேண்டும்? முழுப் பிழையாக வந்தது. 1904-இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் லுட்விக் ப்ராண்டல்தான் முடிச்சை அவிழ்த்தார். பாகுநிலையைக் குறைக்கக் குறைக்க, ஒட்டும் அந்தப் படலம் மெலிந்துகொண்டே போகும், காணாமல் போகாது. அந்த மெல்லிய எல்லைப் படலம் பொருளை விட்டுப் பிரியும்போது பின்னால் சுழல்கள் கிளம்புகின்றன, எதிர்ப்பு விசை அங்கிருந்து வருகிறது.

ஃபெய்ன்மன் இந்த வரலாற்றை வரிசையாகச் சொல்வதில்லை. அவர் நேராக ரெய்னால்ட்ஸ் எண்ணுக்கு வருகிறார். அடர்த்தி, வேகம், பொருளின் அளவு மூன்றையும் பெருக்கி, பாகுநிலையால் வகுத்தால் கிடைக்கும் வெறும் எண். அலகு கிடையாது. இந்த எண் ஒன்றாக இருந்தால், ஒரே வடிவமுள்ள இரண்டு பொருள்களைச் சுற்றி ஓட்டம் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று தேனில் இருக்கலாம், மற்றது காற்றில் இருக்கலாம்.

அத்தியாயத்தின் உச்சம் ஓர் உருளையைச் சுற்றிய ஓட்டம். ரெய்னால்ட்ஸ் எண் நூறில் ஒன்று என்றால் ஓட்டம் உருளையை அணைத்துக்கொண்டு நழுவிப் போகிறது. இருபது வாக்கில் உருளையின் முதுகில் இரண்டு சுழல்கள் குடித்தனம் வைக்கின்றன. நூறு வாக்கில் அவை மாறி மாறிக் கழன்று வரிசையாக ஓடுகின்றன. பத்தாயிரத்தில் பின்புறம் முழுக்கக் கொந்தளிப்பு. சில லட்சங்களைத் தாண்டினால் கொந்தளிப்பு எல்லைப் படலத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது, அப்போது எதிர்ப்புக் குணகம் திடீரென்று சரிகிறது. வேகம் கூடும்போது எதிர்ப்பு குறைவதா! கிரிக்கெட்டில் புதுப்பந்து ஸ்விங் ஆவதும் இதற்கு உறவுதான். பந்தின் தையல் ஒரு பக்கத்துப் படலத்தை மட்டும் கொந்தளிக்க வைக்கிறது. அந்தப் பக்கக் காற்று பந்தை அதிக தூரம் ஒட்டிக்கொண்டு போய்ப் பிரிகிறது. பந்து ஒரு பக்கமாக வளைகிறது.

இத்தனை படமும் ஒரே சமன்பாட்டிலிருந்து வருகின்றன. இதைக் காட்டிவிட்டு, அத்தியாயத்தின் முடிவில் ஃபெய்ன்மன் கொஞ்சம் மேலே பறக்கிறார். சமன்பாட்டை எழுதிவிட்டதாலேயே அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள் என்பது சாரம். தனியாகப் பார்த்தால் அது பிரசங்கம் மாதிரிதான் தெரியும், மேற்கோள் அட்டைகளிலும் அப்படித்தான் சுற்றுகிறது. உருளைப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அது நியாயமான முடிவு. அந்தப் பேச்சுக்கு உரிய வேலையை முந்தைய பக்கங்களில் அவர் செய்துவிட்டார்.

இப்போது மழைத்துளிக்குத் திரும்புவோம். ஸ்டோக்ஸ் விதி ரெய்னால்ட்ஸ் எண் ஒன்றைவிட நன்றாகக் குறைவாக இருக்கும் இடத்துக்கானது. விளக்கெண்ணெயில் இறங்கிய குண்டுக்கு அந்த எண் 0.03. மழைத்துளிக்கு ஏறக்குறைய 900. கணக்கு தொடங்கும் முன்னால் ஒரே ஒரு வகுத்தல் போட்டிருந்தால் போதும், மணிக்கு 430 கிலோமீட்டர் என்ற அபத்தம் வந்திருக்காது.

குறைகள்

இனி குறைகளுக்கு வருவோம். எனக்கு மூன்று படுகின்றன.

முதலாவது, குழாய். முதல் தொகுதியின் 3-ஆம் அத்தியாயத்தில், வேறு விஷயங்கள் பேசும்போது, நீளமான குழாய் வழியாக நீரை வேகமாகத் தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அடிப்படை விதிகளிலிருந்து யாராலும் கணக்கிட முடியவில்லை என்று ஃபெய்ன்மனே சொல்கிறார். அதைப் படித்துவிட்டு இரண்டாம் தொகுதிக்கு வருகிறவர் குழாயை எதிர்பார்ப்பார். கிடைப்பது உருளை. அழகான தேர்வுதான், ஆனால் நாம் தினமும் கையாள்வது குழாய். கிடையாகப் போட்ட, ஒரே விட்டமுள்ள குழாயில் நீர் ஓடினால் இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம் என்று பெர்னூலி சொல்லும். தெருக்கோடி வீட்டில் குடிநீர்க் குழாய் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்க. தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் பீய்ச்சி அடிக்கும் நீர் கடைசி வீட்டில் சொட்டுவது ஏன் என்று கேட்பார். அந்த அழுத்தம் வழியெல்லாம் உராய்வில் கரைந்துவிட்டது. உலர்ந்த தண்ணீருக்கும் ஈரத் தண்ணீருக்கும் இடையே இதைவிடத் தெளிவான பலப்பரீட்சை கிடையாது.

குழாயை எடுத்திருந்தால் இன்னொன்றும் காட்டியிருக்கலாம். ஜான் புவாஸே பாரிஸில் மருத்துவர். நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி என்று அறிய, மெல்லிய கண்ணாடிக் குழல்களில் 1838 முதல் சில ஆண்டுகள் சோதனை செய்தார். கோட்ஹில்ஃப் ஹாகன் தனியாக 1839-இல் அதே முடிவுக்கு வந்தார். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் நீர் பதினாறில் ஒரு பங்கு. ஆஸ்பத்திரியில் அவசரமாகத் திரவம் ஏற்ற வேண்டியிருந்தால் தடித்த ஊசியைத் தேடுவது இதனால்தான். ஆனால் இந்த விதியைத் தெருக்குழாய்க்குப் போட்டால் மறுபடி மழைத்துளி கதைதான். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயக்கோடு விட்டுக் காட்டியபடி, வேகம் ஒரு அளவைத் தாண்டினால் வரிச்சீர் ஓட்டம் குலைந்து கொந்தளிப்பாகிறது. ரெய்னால்ட்ஸ் எண் 2,000-ஐத் தாண்டிய பகுதியில் இது நடக்கிறது. ஓர் அங்குலக் குழாயில் நொடிக்கு அரை மீட்டர் ஓடினாலே எண் 12,000-ஐத் தாண்டிவிடும். ஆக, உலர்ந்தது ஒன்று, ஈரமாய்ச் சீராய் ஓடுவது ஒன்று, ஈரமாய்க் கொந்தளிப்பது ஒன்று என்று மூன்று தண்ணீர். தலைப்பில் இரண்டே இருப்பதால் மூன்றாவது சற்று மறைந்துபோகிறது.

இரண்டாவது குறை, 'ஈரம்' என்ற உவமை. ஈரம் என்றதும் அது தண்ணீரின் சமாச்சாரம், காற்றுக்குக் கிடையாது என்று தோன்றிவிடும். காற்றின் பாகுநிலை தண்ணீருடையதில் ஐம்பத்தைந்தில் ஒரு பங்குதான், உண்மை. ஆனால் காற்றின் அடர்த்தி தண்ணீரைவிட எண்ணூறு மடங்கு குறைவு. இழுக்கவும் தடுக்கவும் அங்கே சரக்கே கொஞ்சம். பாகுநிலையை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால் காற்று தண்ணீரைவிட பதினைந்து மடங்கு 'பிசுக்கு'. அதே வேகம், அதே அளவு என்றால் காற்றில்தான் ரெய்னால்ட்ஸ் எண் குறைவு. இந்தத் தலைகீழ் விஷயத்தை நிறுத்தி நிதானமாக ஒரு பத்தியில் சொல்லியிருந்தால் உவமை வழிதவறாமல் இருந்திருக்கும்.

மூன்றாவது, சின்ன உலகம். உருளைப் படங்களில் ஃபெய்ன்மனின் மனசு மேல்நோக்கியே, சுழல்களையும் கொந்தளிப்பையும் நோக்கியே போகிறது. குறைந்த ரெய்னால்ட்ஸ் எண் பக்கம் அவருக்குத் தொடக்கப்புள்ளி மட்டும்தான். நீரில் நீந்தும் ஒரு பாக்டீரியாவுக்கு அந்த எண் ஒரு லட்சத்தில் சில பங்கு. அங்கே துடுப்பை நிறுத்தினால் உடனே நின்றுபோக வேண்டியதுதான், நகர்ந்துகொண்டே போகும் பழக்கம் கிடையாது. அந்த உலகத்துக்கு உரிய கட்டுரையை 1977-இல் எட்வர்ட் பர்செல் எழுதினார். ஃபெய்ன்மனை முடித்தவர்கள் அடுத்து அதைத் தேடிப் படிக்கலாம்.

அப்புறம் என்ன பயன்?

இவ்வளவு குறை சொன்னாலும், பாய்மம் கற்க விரும்புகிறவருக்கு நான் கையில் கொடுப்பது இந்த இரண்டு அத்தியாயங்களைத்தான். கணிதம் கொஞ்சம் கடினம். திசையன் வகையீடு தெரியாதவர்கள் சமன்பாடுகளைத் தாண்டி உரைநடையை மட்டும் படித்தாலும் பாதிக்கு மேல் பிடிபடும்.

காரணம், அத்தியாய வரிசை. ஒரு பொய்யான தண்ணீரை முழு மரியாதையோடு கற்றுக்கொடுக்கிறார். அது எங்கே சரியாக வருகிறது என்று தொட்டித் துளையில் காட்டுகிறார். பிறகு ஒரு விசிறித் தூசியை வைத்து அதை உடைக்கிறார். மாணவர் ஒரு விதியைக் கற்கும்போதே அதன் எல்லையையும் சேர்த்துக் கற்கிறார். நம் பாடங்களில் எல்லை என்பது "பாகுநிலையற்ற, அமுக்க இயலாத, சீரான ஓட்டம் எனக் கொள்க" என்ற ஒரு வரி. தேர்வில் அதை எழுதினால் ஒரு மதிப்பெண். அந்த வரி உடைந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

இதைச் சரிசெய்யப் புதுப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. இருக்கிற பாடத்திலேயே ரெய்னால்ட்ஸ் எண் ஒரு மூலையில் வரையறையாக உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கி முன்னால் போட்டு, ஸ்டோக்ஸ், புவாஸே, பெர்னூலி எதைத் தொடுவதற்கு முன்பும் அந்த எண்ணைக் கணக்கிடச் சொல்லலாம். கூடவே, இந்த இடத்தில் சுவர் கணக்கில் வருகிறதா, படலம் எவ்வளவு மெல்லியது என்றும் கேட்கலாம். விளக்கெண்ணெய்க் குண்டு சோதனை முடிந்ததும், ஜாடியைக் கழுவி அதே குண்டைத் தண்ணீரில் ஒருமுறை போடச் சொல்லுங்க. குண்டு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்று நோட்டில் இருக்கும். ஜாடியில் நடப்பதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இரண்டில் எதை நம்புவது என்று மாணவர்கள் வாதாட ஆரம்பித்தால் பாய்மவியல் வகுப்பு அங்கே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.